பெரியம்மாவுக்கு வந்த போன் (கொக்குவில் குடும்பக் குழு)

சுகந்தி: எல்லோரும் இதை வாசியுங்கள். நேற்றுப் பின்னேரம் 4 மணிக்கு அம்மாவுக்கு ஒரு போன். தமிழில்தான் கதைத்தானாம். உங்கள் மகன் குமரன் உயிரோடு இருக்கிறான், திருகோணமலைப் பக்கம் வைத்திருக்கிறார்கள், 6 லட்சம் தந்தால் வெளியே எடுக்கலாம் என்றானாம். முதலில் 50,000 கணக்கில் போடட்டாம். நாளைக்கு 4 மணிக்குத் திரும்ப எடுப்பானாம். அம்மா தாலிக்கொடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இருக்கிறா. நான் வவுனியாவில் இருந்துகொண்டு என்ன செய்ய?

தயாபரன் மாமா: முருகா

தயாபரன் மாமா: எந்த நம்பர்?

சுகந்தி: 077. திருப்பி எடுத்தால் ஓஃப்.

மலர் சின்னம்மா: நான் போய்ப் பார்த்தேன். காலையில் கொடுத்த புட்டு அப்படியே கிடக்குது. என்னோடும் கதைக்கவில்லை.

பாபு: 📹 இன்றும் இயங்கும் இரகசிய முகாம்கள்! (பலமுறை அனுப்பப்பட்டது)

பாபு: முழுதாகப் பாருங்கள். 18ஆவது நிமிடம் முக்கியம்.

நிரோஷன்: அத்தான், இதைப் போன வருசமும் போட்டீர்கள்.

பாபு: போன வருசம் நீ பார்க்கவில்லைத்தானே

நிரோஷன்: பார்த்தேன். அதில் காட்டுகிற சிறைச்சாலை இலங்கையே இல்லை. இரகசிய முகாம் கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை, இருந்தது. 2015 தொடக்கத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுரேஷ் பிரேமச்சந்திரன், திருகோணமலையில் ‘கோத்தா முகாம்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் 700 பேர் வரை இருக்கிறார்கள் என்றார். அப்படி ஒன்றுமே இல்லை என்றது அரசாங்கம். அதே வருசம் நவம்பரில் ஐநாவின் காணாமல் ஆக்கப்பட்டோர் செயற்குழு வந்து, திருகோணமலை நேவித் தளத்துக்குள்ளேயே நிலத்துக்குக் கீழ் ஆட்களை அடைத்து வைத்த அறைகளைப் பார்த்தது. ‘கன் சைட்’ என்று பெயர். ஆனால் அவர்கள் பார்த்தது அறைகளைத்தான், ஆட்களை இல்லை. அப்ப அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

மலர் சின்னம்மா: தம்பி பெரிது பெரிதாக எழுதாதே, கண்ணாடி கையில் இல்லை

பாபு: அதைத்தானே நானும் சொல்கிறேன். இல்லை இல்லை என்றார்கள், பிறகு இருந்தது. இப்பவும் இல்லை என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

நிரோஷன்: வித்தியாசம் என்னவென்றால், அரசாங்கம் பொய் சொன்னது என்பதால் போன் எடுத்தவன் உண்மை சொல்கிறான் என்று ஆகாது. கொழும்பில் 2008, 2009இல் பிடித்துக்கொண்டு போன 11 பேருடைய வழக்கைப் பாருங்கள். அரசியல்கூட இல்லை, கப்பம் வாங்கத்தான் பிடித்தார்கள் என்று சிஐடி கோர்ட்டில் சொன்னது. கொழும்பு நேவித் தலைமையகத்தில் வைத்திருந்துவிட்டு கன் சைட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதில் சில பிள்ளைகள் உள்ளேயிருந்தே யாரையோ பிடித்து வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சுகந்தி: நிரோ, அம்மாவும் இந்தக் குழுவில் இருக்கிறா

நிரோஷன்: 🚫 இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

மலர் சின்னம்மா: என்னத்தை அழிக்கிறாய், நீல டிக் விழுந்தாச்சு

சரஸ்வதி: 🎤 0:41

சுகந்தி: கேட்டீர்களா? அந்தப் பிள்ளைகள் உள்ளேயிருந்து போன் எடுத்தது உண்மையென்றால் குமரனும் யாரையோ பிடித்து எடுப்பித்திருக்கலாம்தானே என்கிறா. நன்றி தம்பி. நல்லாய் விளங்கப்படுத்தினாய்.

நிரோஷன்: அக்கா நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை

கீர்த்தி: பிழையான நேரம் என்று தெரியும். ஆனால் சாமத்தியவீட்டு ஹோல்காரன் நாளைக்குள் ஆள் கணக்குக் கேட்கிறான். ஊரிலிருந்து விசா கிடைத்து வரக்கூடியவர்கள் மட்டும் சொல்லுங்கோ 🙏

மலர் சின்னம்மா: அம்மா பிறகு எடுக்கிறேன் பிள்ளை

தயாபரன் மாமா: இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன். அவனைக் கொழும்புக்கு வரச் சொன்னது நான். லண்டனுக்கு எடுக்கிறேன் என்று வெள்ளவத்தை லொட்ஜில் நான்கு மாதம் இருக்க வைத்ததும் நான்.

மலர் சின்னம்மா: இப்ப உன்னை யார் கேட்டது

தயாபரன் மாமா: 18 வருசமாகக் கேட்காமல் கேட்கிறீர்கள்

சுகந்தி: மாமா, அதை விடுங்கள். 2011இலும் இதே மாதிரி ஒருவன் பூசாத் தடுப்பு முகாமில் குமரனைக் கண்டேன் என்றான். 3 லட்சம் வாங்கிக்கொண்டு ஒரு சேட்டின் படம் காட்டினான். அந்தச் சேட்டுக்கு எங்கள் அம்மா தைத்த பொத்தான் இல்லை.

தயாபரன் மாமா: அது நான் அனுப்பிய காசு

மலர் சின்னம்மா: தெரியும் தெரியும். கல்வெட்டில் போடுகிறோம்.

பாபு: 😂

கீர்த்தி: பாபு சும்மா இருங்கோ

நிரோஷன்: சரி, ஒரு விசயம் மட்டும் யோசியுங்கள். பெரியம்மாவின் நம்பர் அவனுக்கு எப்படிப் போனது? காணாமல் போனவர்களுக்காகக் கிளிநொச்சியில் நடக்கிற போராட்டத்துக்குப் போகும்போது கழுத்தில் தொங்கவிடுகிற படத்தின் கீழேயே நம்பர் எழுதியிருக்கிறது. முழங்காலில் தழும்பு என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் படம் எத்தனை பேப்பரில் வந்தது!

சுகந்தி: தழும்பை மட்டும் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அம்மாவைச் ‘சரசு’ என்று கூப்பிடுவான், அதையும் சொன்னானாம். அது எந்தப் படத்தில் எழுதியிருக்கிறது?

தயாபரன் மாமா: ஓம். சரசு என்றுதான் கூப்பிடுவான். பகிடிக்கு.

மலர் சின்னம்மா: அது யூடியூப்காரப் பெடியன் வந்தபோது அக்கா அழுதழுது சொன்னதுதானே. முற்றத்துக் கதிரையில் இருந்து எடுத்த வீடியோ. பாபுதான் அதையும் இங்கே போட்டது.

பாபு: எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்

நிரோஷன்: எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் அத்தான்

சுகந்தி: இங்கே வவுனியாப் போராட்டப் பந்தலில் ஒரு அம்மா 2015 தேர்தல் துண்டுப் பிரசுரம் ஒன்றை வைத்திருந்தா. மைத்திரிபால பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நிற்கிற படம். அதில் ஒன்று தன் மகள் என்று சொல்லுவா. நான் வாங்கிப் பார்த்தேன், மடித்து மடித்து அந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்ப அம்மாவிடமும் அதே நிலைமைதான்.

மலர் சின்னம்மா: 2025 ஆகஸ்டில் செம்மணிப் புதைகுழியில் எடுத்த சாமான்களைச் சனத்துக்குக் காட்டினார்கள் இல்லையா, அடையாளம் சொல்லச் சொல்லி. அக்காவும் வந்தா. குமரனைக் கொழும்பிலல்லவா பிடித்தது, இங்கே எதற்கு வரிசையில் நிற்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் பேசவில்லை. புத்தகப் பை, விளையாட்டுச் சாமான், வளையல், செருப்பு எல்லாம் இருந்தது. செருப்புகளை மட்டும் இரண்டு தரம் பார்த்தா.

தயாபரன் மாமா: 2016 பொங்கலுக்கு யாழ்ப்பாணத்தில் வந்து நின்று, காணாமல் போனவர்கள் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றார் அப்ப பிரதமராக இருந்த ரணில். 2020இல் ஜனாதிபதியாக இருந்த கோத்தா ஐநா அம்மையாரிடம் எல்லோரும் செத்துப் போனார்கள் என்றார். யார் கொன்றது, எங்கே, எப்ப, ஒன்றும் இல்லை. அதைச் சொல்லாமல் செத்துப் போனார்கள் என்றால் இவ எப்படி நம்புவா? இப்படிப் போன் எடுக்கிறவனைத்தான் நம்புவா.

நிரோஷன்: ஓம் மாமா. அது சரி.

பாபு: பட்டலந்த வதைமுகாம் அறிக்கையையும் எத்தனை வருசம் மூடி வைத்தார்கள். சிங்களப் பெடியளுக்கு நடந்ததே ரணில் அல்ஜசீராவில் மாட்டின பிறகு, 2025இல்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதனால்தான் 18ஆவது நிமிடம்

கீர்த்தி: பாபு!!

நிரோஷன்: ஒரு வழி இருக்கிறது. நாளைக்கு எடுத்தால் குமரன் அண்ணாவை ஒரு வார்த்தை கதைக்க விடச் சொல்லுங்கள். விடமாட்டான். அப்ப யாருக்கும் தெரியாத கேள்வி ஒன்று கேளுங்கள். யூடியூப்பில் இல்லாதது. காசு ஒரு சதமும் போட வேண்டாம். நம்பரோடு பொலிஸில் ஒரு முறைப்பாடும் கொடுப்போம்.

மலர் சின்னம்மா: பொலிஸுக்கு அக்கா வரமாட்டா. கொழும்பில் சிஐடியின் நாலாம் மாடிக்கு ஏறினதே போதும் என்பா.

சுகந்தி: நாயின் பெயரைக் கேட்கலாமா?

தயாபரன் மாமா: ஜிம்மி

மலர் சின்னம்மா: ஜிம்மி பிறகு வைத்த பெயர். முதலில் ரைகர், இங்கிலீசில் புலி. ஆமி வந்த பிறகு, வாசலில் நின்று ரைகர் ரைகர் என்று கூப்பிட்டால் உள்ளே போடுவான் என்று அத்தார் மாற்றினார். நாய்க்கு அது கடைசிவரை விளங்கவில்லை 😄

நிரோஷன்: நல்லது! அப்ப பழைய பெயரைக் கேளுங்கள். அது யாருக்கும் தெரியாது.

சரஸ்வதி: அவன் நேற்றே நாய் வளர்த்தீர்களா என்று கேட்டான்

சரஸ்வதி: நான் இரண்டு பெயரையும் சொல்லிப்போட்டேன்

சுகந்தி: அம்மா...

கீர்த்தி: பெரியம்மா சாப்பிடுங்கோ முதலில்

தயாபரன் மாமா: அந்த 50,000ஐ நான் அனுப்பட்டா? போனால் போகட்டும்

நிரோஷன்: மாமா வேண்டாம்!!

மலர் சின்னம்மா: இரண்டு பேரும் பொறுங்கள். நாளைக்கு நான் பக்கத்தில் இருப்பேன். தாலிக்கொடியை இப்போதைக்கு என் அலுமாரியில் வைக்கப் பார்க்கிறேன். தந்தால்.

சுகந்தி: காலை பஸ்ஸில் வருகிறேன். 4 மணிக்கு முதல் வந்துவிடுவேன்.

சரஸ்வதி: வரும்போது ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு வா. இந்தப் போனில் சார்ஜ் நிற்குதில்லை