உங்கள் டாக்டர் யார்?

டாக்டர் ஹூ பார்ப்பவர்கள் இருவர் சந்தித்துவிட்டால் பத்து நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். 1963-இல் தொடங்கிய பிபிசி தொடர். காலத்தில் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசிதான் டாக்டர், சாகும் தறுவாயில் வேறு உருவத்துக்கு மாறிவிடுவார். கதாபாத்திரம் ஒன்றுதான், நடிகர்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். அதனால் பதில் சொன்னால் வயதைச் சொன்ன மாதிரி. நான் 2008-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்தவன். அப்போது திரையில் டேவிட் டென்னன்ட். அவர்தான் என் டாக்டர், பேச்சு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

2020 மார்ச் 2, திங்கட்கிழமை, கிடங்கில் நைட் ஷிஃப்ட். கூட வேலை பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். முந்தைய நாள்தான் 'த டைம்லெஸ் சில்ட்ரன்' ஒளிபரப்பாகியிருந்தது. வில்லியம் ஹார்ட்னெல்தான் முதல் டாக்டர் என்று அத்தனை வருடம் நம்பியவர்களிடம், அவருக்கு முன்னாலும் எத்தனையோ பிறவிகள் இருந்தன, எல்லாம் நினைவிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று சொன்ன எபிசோட். "என் சின்ன வயசையே அழித்துவிட்டார்கள்" என்றார் மனிதர்.

1976-இல் வந்த 'த பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்' கதையில் ஹார்ட்னெலுக்கு முந்தைய முகங்கள் மாதிரி சிலவற்றைத் திரையில் காட்டினார்களே என்றேன். "அது வேறு" என்றார். (இந்தத் தொடரைப் பற்றிய எந்தச் சண்டையிலும் இந்த இரண்டு சொற்கள் வராமல் இருக்காது.) தேநீர் பாதி காலியான பிறகு அவரே இறங்கி வந்தார். அதே 1976-இல் 'த டெட்லி அசாசின்' வந்தபோது, கடவுள்கள் போல இருந்த டைம் லார்டுகளை, அதாவது டாக்டரின் இனத்தாரை, பதவிக்கு அடித்துக்கொள்ளும் கிழவர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று அவருடைய அண்ணன் ஒரு மாதம் டிவி பக்கமே வரவில்லையாம். ரசிகர் சங்கத் தலைவரே காட்டமாக எழுதினார். பன்னிரண்டு தடவைதான் உருமாற முடியும் என்ற விதியும் அந்தக் கதையில் வந்ததுதான். இன்று பழைய ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் கதைகளில் அதுவும் ஒன்று.

சரி, அன்று நான் சொல்ல வந்தது அதுவல்ல. பேச்சுவாக்கில், டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகள் உருவான 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' கதையின் ஆறு பாகத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிட்டேன், ஐந்தாவதில் தூங்கிவிட்டேன் என்று உளறிவிட்டேன். மனிதர் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"சாரா விழுகிற இடத்தில் உனக்கு என்ன ஆச்சு?"

இரண்டாம் பாகத்தின் முடிவு அது. ராக்கெட்டை ஒட்டிக் கட்டிய சாரத்தில் ஏறும்போது, டாக்டரோடு பயணம் செய்யும் சாரா கை நழுவி விழுவாள். படம் அப்படியே உறைந்து நிற்க, இசை வந்துவிடும். மூன்றாம் பாகம் தொடங்கினால், கொஞ்சம் கீழே இருந்த பலகையில் விழுந்து கிடக்கிறாள், அவ்வளவுதான். என்ன ஏமாற்று வேலை என்று சிரித்துவிட்டுப் போனேன் என்றேன். 1975-இல் அவருக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை விழுந்தவள் அடுத்த சனிக்கிழமை வரை அந்தரத்திலேயே இருந்தாள் என்றார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் அவள் செத்துவிட்டாள் என்று பந்தயம் கட்டினார்களாம். எனக்கு மூன்று விநாடியில் முடிந்துபோனது அவருக்கு ஏழு நாள்.

கொஞ்ச நாளில் ஊரடங்கு வந்துவிட்டது. அவர் சொன்னபடி சனிக்கு ஒரு பாகமாகத் திரும்பப் பார்த்தேன், முடிந்ததும் போனில் பேசுவோம். ஆறாவது வாரம், அந்தக் கதையின் டாக்டரான டாம் பேக்கர் இரண்டு வயர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, டாலெக் இனத்தையே அழிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று தயங்கும் இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். முன்பு அதே இடத்தில்தான் குறட்டை.

முகம் மாறியது, பெண் டாக்டர் வந்தது, கிராஃபிக்ஸ் கூடியது இதெல்லாம் எனக்குப் பெரிய மாற்றமாகப் படவில்லை. 2005-இல் இருபத்தைந்து நிமிடப் பாகம் நாற்பத்தைந்து நிமிடமாகி, பெரும்பாலும் அன்றைக்கே கதை முடிய ஆரம்பித்ததே, அதுதான் மாற்றம். அதே 2005-தான் டாக்டரின் புதுத் துணையான ரோஸுக்கு ஓர் அம்மாவையும் அடுக்குமாடி வீட்டையும் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கதைகளில் டாக்டரோடு போன பெண்களை வீட்டில் யாராவது தேடினார்களா என்று பெரும்பாலும் தெரியவே தெரியாது.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதில் காத்திருப்பு பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் பெண் டாக்டர் வந்ததைச் சாதாரணமாகத் தாண்டிவிட்டீர்கள். ஜோடி விட்டேக்கர் வந்த பிறகு "வரலாற்றுப் பாடம் நடத்துகிறார்கள்" என்று என் கணவரின் நண்பர்கள் புலம்பியதை இரண்டு வருடம் கேட்டேன். 1963-இல் டாக்டரோடு முதலில் கிளம்பியவர்களே ஒரு வரலாற்று டீச்சரும் ஓர் அறிவியல் வாத்தியாரும்தான்! முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர். அடுத்த வருடம் வந்த மார்கோ போலோ கதையில் பெரும்பகுதியும் அவர் இயக்கியதுதான். அதில் அசுரனும் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை.

2018 நவம்பர் 11 அன்று 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்'. மாமி இந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை, அன்று கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தார். 1947, ஒரு இந்துப் பையன், ஒரு முஸ்லிம் பெண், நடுவில் புது எல்லை. பையனைக் கொல்ல வருபவர்களைக் கூட்டி வருவது அவனுடைய சொந்தத் தம்பி. டாக்டரால் தடுக்க முடியாது. டாக்டரும் கூட வந்தவர்களும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார்கள், பின்னால் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. கொலைகாரர்கள் என்று நாம் நினைத்த வேற்றுக்கிரகவாசிகள், ஆளில்லாமல் சாகிறவர்களின் பக்கத்தில் நிற்க வந்தவர்கள். கடைசியில் தொடரின் அதே பழைய மெட்டு இந்தியக் குரலில் வந்தது. மாமி கீரையை அப்படியே வைத்துவிட்டு, "அடுத்த கிழமையும் போடுவாங்களா?" என்றார். போட்டார்கள். அது பார்சல் நிறுவனம் பற்றிய கதை, பாதியில் எழுந்து போய்விட்டார்.

* * *

மார்கோ போலோ பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன். அதன் ஏழு பாகமும் இன்று படமாக இல்லை. பிபிசி அந்தக் காலத்து நாடாக்களை அழித்துவிட்டது. அப்போதைய ரசிகர்கள் வீட்டு டேப் ரிக்கார்டரை டிவி பக்கத்தில் வைத்துப் பதிந்த ஒலியும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். ஹார்ட்னெல் முதன்முதலாக உருமாறிய 1966 எபிசோடும் போய்விட்டது, அந்தச் சில விநாடிகள் மட்டும் 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துப் போட்டதால் தப்பின.

அதை அடுத்து வந்த 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' ஆறு பாகமும் இல்லை. நான் அதை ரயிலில் போய்வரும்போது காதில் கேட்டேன். புது ஆளாக வந்த பேட்ரிக் ட்ரௌட்டனை, டாக்டரோடு பயணம் செய்யும் பென் நம்ப மாட்டான். டாக்டரின் மோதிரத்தை எடுத்து, நீ அவர்தான் என்றால் இது உனக்குச் சரியாக இருக்கும், போட்டுப் பார் என்பான். மோதிரம் விரலில் நிற்காது. இவர்தான் டாக்டர் என்று பிறகு அடையாளம் கண்டுகொள்வது ஒரு டாலெக். படம் இல்லாததால் அதன் கண் இவர் பக்கம் திரும்புவதை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். நான் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.