கிளினிக் ஆபிஸ் ஸ்டாஃபுக்கு கம்ப்யூட்டர் ரெக்கார்டு எப்படி பழக்குறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

முன்மேசை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க கிளினிக்ல பேப்பர் ஃபைலை விட்டுட்டு எலக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்டுக்கு மாறிக்கிட்டு இருக்கோம். டாக்டர், நர்ஸ் பத்தி நான் கேக்கல, ரிஜிஸ்ட்ரேஷன், அப்பாயின்ட்மென்ட், ஸ்கேனிங் பாக்குற ஆபிஸ் ஸ்டாஃப் பத்திதான். சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் வந்து ப்ரொஜெக்டர் போட்டு ஒவ்வொரு மெனுவா திறந்து காட்டிட்டு போயிட்டார், எல்லாரும் தலையாட்டினாங்க, இப்ப கவுண்டர்ல கூட்டம் சேர்ந்தா பாதி பேர் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு சாயங்காலம் உக்காந்து ஏத்துறாங்க. ரொம்ப சீனியரான அக்கா ஒருத்தர் இருக்காங்க, பேஷன்ட் பேரைச் சொன்னா ஃபைல் எந்த ரேக்குன்னு உடனே சொல்லுவாங்க, அவங்களே "எனக்கு இது வேண்டாம்பா"ன்னு ஒதுங்குறாங்க. எதுல இருந்து ஆரம்பிக்கிறது? அப்புறம் நோய்க்கான கோடு (code, அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உள்ள குறியீட்டு எண்) போடுறதையும் இவங்களுக்கே கத்துக்கொடுக்கணுமா?

பதிவறை:
மெனு காட்டுறதை முதல்ல நிறுத்துங்க. யாரும் மெனுவை வேலையா செய்யுறதில்ல, வேலைன்னா எதிர்ல ஒரு ஆள் வந்து நிக்கிறார், அவர் இதுக்கு முன்னாடி வந்தவரா புதுசா, அதான். அங்கதான் ஆரம்பிக்கணும். புது ரெக்கார்டு திறக்குறதுக்கு முன்னாடி தேடுறதுங்கற ஒரு பழக்கத்தை மட்டும் ஊற வச்சிட்டீங்கன்னா பாதி பிரச்சனை வரவே வராது.

எப்படி தேடணும்னும் சொல்லித்தரணும். முழுப் பேரையும் டைப் பண்ணுவாங்க, ஒரு எழுத்து மாறியிருந்தா "இல்லை"ன்னு வரும், உடனே புதுசு திறந்துடுவாங்க. முகமதுங்கற ஒரே பேரை இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதுறாங்கன்னு பாருங்க. அதனால பேர்ல முதல் மூணு எழுத்தும் பிறந்த தேதியும், அதுல கிடைக்கலன்னா போன் நம்பர், இப்படி ரெண்டு மூணு வழியில தேடிட்டுத்தான் புதுசுக்குப் போகணும். பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு எல்லாம் ஜனவரி 1 போட்டு வச்சிருப்பாங்க, அந்தத் தேதியை மட்டும் நம்பி ஆளை முடிவு பண்ணவே கூடாது.

இன்னொண்ணு. "உங்க பிறந்த தேதி இதுதானே?"ன்னு கேக்க விடாதீங்க. காது சரியா கேக்காதவங்க, வலியில இருக்கறவங்க எல்லாம் ஆமான்னு தலையாட்டிடுவாங்க. "உங்க முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும். கொறஞ்சது ரெண்டு அடையாளம் பாக்கணும், ரூம் நம்பர் அதுல சேராதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2007ல நோயாளி பாதுகாப்புக்குன்னு கொடுத்த குறிப்புல சொல்லியிருக்கு.

ஒரே ஆளுக்கு ரெண்டு ரெக்கார்டு இருந்தா அலர்ஜி ஒண்ணுல இருக்கும், டாக்டர் திறக்குறது இன்னொண்ணா இருக்கும். அதைவிட மோசம், ஒருத்தர் விவரம் இன்னொருத்தர் ரெக்கார்டுக்குள்ள போறது. டூப்ளிகேட்டை கண்டுபிடிச்சா சேத்துடலாம், கலந்துபோனதைப் பிரிக்கிறது சாதாரண வேலை இல்ல. அதனால ரெண்டு ரெக்கார்டை ஒண்ணாக்குற பட்டனை கவுண்டர்ல யாருக்கும் கொடுக்காதீங்க. சந்தேகம்னா ஒரு லிஸ்ட்ல குறிச்சு வைக்கட்டும், பொறுப்பான ஒருத்தர் பாத்து சேக்கட்டும்.

கோடு போடுறது இப்ப வேண்டாம். ஐசிடின்னா உலக சுகாதார நிறுவனத்தோட நோய்க் குறியீட்டுப் பட்டியல், அதுல 10வது பதிப்பான ஐசிடி-10ல ஈ10 போட்டா டைப் 1 சுகர், ஈ11 போட்டா டைப் 2, ஒரு நம்பர்தான் வித்தியாசம், ரெக்கார்டுல நோயே மாறிடும். 2022 ஜனவரியில இருந்து ஐசிடி-11 வேற அமலுக்கு வந்திருக்கு, ஒவ்வொரு நாடும் அதோட வேகத்துல மாறுது. டாக்டர் எழுதாத நோயை க்ளார்க் ஊகிச்சு கோடு போடக்கூடாதுங்கறதை மட்டும் இப்பவே அழுத்தி சொல்லிடுங்க, மீதிய தனியா பயிற்சி வச்சுக்கலாம்.

கவுண்டர்காரி:
நான் அந்த சீட்லயே உக்காந்து வேலை பாக்கறவ, அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். நோட்டுல எழுதுறதை சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, எதிர்ல ஆளுங்க நின்னுக்கிட்டு இருக்கும்போது தப்பான இடத்துல க்ளிக் பண்ணி எதையாவது அழிச்சிடுவோமோங்கற பயம் அது. உண்மையில நல்ல சிஸ்டம்ல எதுவும் அழியாது, திருத்தினா பழையதும் இருக்கும், யார் எப்ப மாத்தினாங்கன்னும் இருக்கும். பேப்பர்ல ஒரு கோடு அடிச்சு பக்கத்துல கையெழுத்து போடுவோமே, அதேதான். இதை நேர்லயே செஞ்சு காட்டுங்க, ஒரு டம்மி பேஷன்ட் பேரை வேணும்னே தப்பா போட்டு, திருத்தி, அந்த ஹிஸ்டரிய திறந்து காட்டுங்க. அப்புறம் பாருங்க எப்படி தைரியம் வருதுன்னு.

பழகுறதுக்குன்னு நேரம் ஒதுக்கணும். வேலைய முடிச்சிட்டு கத்துக்கோன்னா யாருக்கும் ஏறாது. முதல் சில வாரம் அப்பாயின்ட்மென்டை கொறச்சு வைங்க, டாக்டர்கிட்ட பேசி அதை வாங்கிக் கொடுக்க வேண்டியது உங்க பொறுப்பு. அந்த அக்காவை தயவுசெஞ்சு ஒதுக்கிடாதீங்க. பழைய ஃபைல்ல இருந்து ஏத்தும்போது ஒரே பேர்ல இருக்கற ரெண்டு பேரை பிரிச்சு சொல்ல அவங்களாலதான் முடியும். சரிபாக்கற வேலைய அவங்ககிட்ட கொடுங்க, பக்கத்துல சின்ன வயசு ஸ்டாஃப் பிள்ளை ஒண்ணை உக்கார வைங்க, இவங்க சொல்ல அது டைப் பண்ணட்டும், கொஞ்ச நாள்ல கீபோர்டை அவங்களே இழுத்துக்குவாங்க.

சர்வர்ரூம்:
டெக்னிக்கல் பக்கம் சில விஷயம். பயிற்சிக்குன்னு சாஃப்ட்வேரோட தனி காப்பி கேளுங்க, நிஜ பேஷன்ட் விவரம் இல்லாம கற்பனை பேர் போட்டது. லைவ் சிஸ்டத்துல "டெஸ்ட் டெஸ்ட்"னு ரெக்கார்டு திறந்து பழகினா அது அங்கயே கிடக்கும்.

அடுத்தது லாகின். ஆளுக்கொரு லாகின், அவ்வளவுதான், இதுல சமரசமே கிடையாது. காலையில ஒருத்தர் திறந்து வச்சு எல்லாரும் அதுலயே வேலை பாத்தா, தப்பு நடந்தாலும் சரி நடந்தாலும் அவர் பேர்லயேதான் பதிவாகும், அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம். எழுந்து போனா ஸ்க்ரீனை லாக் பண்ணணும். அப்புறம் வேலைக்கு தேவையில்லாத ரெக்கார்டை, தெரிஞ்சவங்களோடதா இருந்தாலும், சொந்தக்காரங்களோடதா இருந்தாலும், திறந்து பாக்கக்கூடாது. பாத்தா, யார் எப்ப திறந்தாங்கன்னு சிஸ்டம் வைக்கிற பதிவுல (log) தெரியும். இதை மிரட்டலா சொல்லாம, உங்க ரெக்கார்டை பக்கத்து சீட்காரர் படிச்சா எப்படி இருக்கும்னு கேளுங்க, புரியும்.

சிஸ்டம் படுத்துட்டா என்ன செய்யணும்னும் ஒருநாள் ஒத்திகை பாருங்க. அச்சடிச்ச ஃபார்ம் கவுண்டர்லயே இருக்கணும், திரும்ப வந்ததும் யார் ஏத்துறதுன்னு முன்னாடியே முடிவாகியிருக்கணும், ஏத்தும்போது பேஷன்ட் வந்த நேரத்தை போடணும், டைப் பண்ற நேரத்தை இல்ல.

முன்மேசை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், அந்த ஹிஸ்டரி காட்டுற யோசனைய நாளைக்கே செய்யப்போறேன். அக்காகிட்டயும் பேசிட்டேன், சரிபாக்கற வேலைன்னதும் முகமே மாறிடுச்சு. ஸ்கேனிங்ல எதை முக்கியமா பாக்கணும்?

பதிவறை:
மூணு விஷயம் பாருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் பேரைப் பாக்கணும், முதல் பக்கத்துல மட்டும் இல்ல. லேப் ரிப்போர்ட் கட்டுல வேற ஆளோட தாள் ஒட்டிக்கிட்டு வரும். பின்பக்கத்துல எழுத்து இருக்கான்னு திருப்பிப் பாக்கணும். அப்புறம் தேதி, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஸ்கேன் பண்ண தேதிய சிஸ்டம் தானா போட்டுக்கும், ரிப்போர்ட் எடுத்த தேதிய நாமதான் போடணும். போடலன்னா எப்பவோ எடுத்த ரத்த டெஸ்ட் இன்னிக்கு எடுத்தது மாதிரி லிஸ்ட்ல மேல வந்து நிக்கும், அதைப் பாத்து டாக்டர் மருந்து மாத்தினா என்ன ஆகும். ஸ்கேன் பண்ணதும் தாளைக் கிழிக்காதீங்க, இன்னொருத்தர் திறந்து எழுத்து படிக்க வருதா, சரியான ஆள்கிட்ட இருக்கான்னு பாத்து டிக் பண்ணினதுக்கு அப்புறம்தான் அது கவுண்டரை விட்டுப் போகணும். அப்பவும் உங்க ஊர் சட்டப்படி எத்தனை வருஷம் வச்சிருக்கணுமோ அதுவரைக்கும் வச்சிருங்க.