தத்து, வளர்ப்புக் குடும்பங்கள்: உங்களுக்குக் கை கொடுத்தது யார்?

அம்பத்தூர் அப்பா (திரியைத் தொடங்கியவர்)

வணக்கம். தத்தெடுக்கத் தகுதி பார்க்க வீட்டுக்கே வந்து நடத்தும் வீட்டாய்வை முடித்துவிட்டு, தத்தெடுப்புக்குப் பதிவு செய்யும் கேரிங்ஸ் தளத்தில் வரிசை எண் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் தம்பதிகள் என்னிடம் அடிக்கடி பேசுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை வருஷம்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் ஒரு பெற்றோர் குழுவைத் தேடிப் பிடியுங்கள் என்று மட்டும் சொல்வேன். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தத்தெடுப்பு முகமையிலிருந்து வந்து பார்ப்பார்கள். இரண்டு வருஷத்தோடு அது முடிந்துவிடும். "நான் உன் வயித்துல இருந்தேனாம்மா?" என்று பிள்ளை கேட்பதோ, பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். அப்போது எந்த அலுவலகத்துக்குப் போன் போடுவீர்கள்?

அதனால்தான் இந்தத் திரி. உங்களுக்குத் துணை நின்ற குழு எப்படி உருவானது, எந்த நேரத்தில் உதவியது, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். முகமை, அதிகாரி, பிள்ளை யார் பெயரும் வேண்டாம்.

முதலில் என்னுடையது. 2018இல் ஒரு சாயங்காலம் எங்களுக்குக் குழந்தையின் விவரம் வந்தது. ஒரு போட்டோ, குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை. 48 மணி நேரத்துக்குள் சரி என்றால் சரி, இல்லையென்றால் அந்த விவரம் அடுத்தவருக்குப் போய்விடும். போட்டோவைப் பார்த்ததுமே என் மனைவி முடிவு செய்துவிட்டாள். நான் மருத்துவ அறிக்கையில் மாட்டிக்கொண்டேன். குறைமாதப் பிறப்பு, எடை 1.6 கிலோ, அப்புறம் வாயில் நுழையாத நாலைந்து சுருக்கெழுத்துகள். இரண்டு பேருமே வங்கியில் வேலை பார்ப்பவர்கள், என்ன புரியும்?

எங்கள் குழுவில் ஒரு குழந்தை மருத்துவர் இருக்கிறார், அவரும் தத்தெடுத்த அம்மாதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனிலேயே வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கேட்க வேண்டியது இருக்கு" என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். தலைச் சுற்றளவை மாதாமாதம் அளந்திருக்கிறார்களா, குறைமாதக் குழந்தை என்பதால் விழித்திரையைப் பார்த்தாயிற்றா, காது கேட்கும் சோதனை செய்தார்களா, தைராய்டு ஒரு தடவையாவது பார்த்தார்களா. அந்தத் தாளோடுதான் முகமைக்குப் போனேன். அவர்களும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

அடுத்து விடுப்பு. 2017இல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம் தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம் கொடுத்தது, ஆனால் குழந்தைக்கு வயது மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால் பெற்றவள் மனம் மாற 60 நாள் அவகாசம் தர வேண்டும். அப்புறம் குழந்தைகள் நலக் குழுவின் சான்று, தளத்தில் ஏற்றுவது, பொருத்துவது என்று வரிசையாக இருக்கிறது. எந்தக் குழந்தை மூன்று மாதத்துக்குள் வீடு வந்து சேரும்? சட்டம் எழுதியவர்கள் அதே அரசாங்கத்தின் தத்தெடுப்பு விதிகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மனைவிக்கு முதலில் விடுப்பு மறுக்கப்பட்டது. குழுவில் இதே சண்டையைப் போட்டு ஜெயித்தவர்கள் தயாராக ஒரு கடித நகல் வைத்திருந்தார்கள். அதைத் திருத்திக் கொடுத்தோம், கிடைத்தது.

இனி நீங்கள்.


மயிலாப்பூர் பாட்டி

தம்பி, நான் சொல்வது உங்கள் கேரிங்ஸுக்கெல்லாம் ரொம்ப முந்தின காலம். 1981. எங்களுக்கு 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம்தான். குழந்தைகள் இல்லத்தார் நீதிமன்ற அனுமதி வாங்கி, குழந்தையை என் கணவர் கையில் கொடுத்தார்கள். தத்தெடுக்கும்போது செய்யும் தத்த ஹோமம் கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது, இருந்தாலும் மாமியார் விடவில்லை, அதுவும் நடந்தது. பத்திரத்தில் தத்தெடுத்தவர் என்று இருந்தது அவர் பெயர் மட்டும். நான் "சம்மதம் தெரிவித்த மனைவி". ராத்திரி கண் விழித்துப் பால் புட்டியைக் கொதிக்க வைத்தவள் வெறும் சம்மதக்காரி! மணமான பெண்ணும் தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது 2010இல். அதற்குள் என் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் குழு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இல்லத்தில் இருந்த சமூகப் பணியாளர் ஒருத்தி பெரிய மனசுக்காரி. தத்தெடுத்தவர்களை ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிடுவாள். போவோம். ஆனால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் ஒன்றுவிட்ட சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால்? ஒரு தம்பதி வயிற்றில் துணி கட்டி, ஏழாம் மாதத்தில் ஊர் மாறிப்போய், கைக்குழந்தையோடு திரும்பியவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் அப்படி இருந்தது.

குழந்தைகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் மாறியது. அதுகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது பெரியவர்கள் எத்தனை நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார முடியும்? பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் சண்டையும் வந்தது. பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் சண்டை. நான் சொல்லும் கட்சி. என் மகளுக்கு விவரம் தெரியும் முன்பே, "உன்னைத் தேடி ரிக்‌ஷாவில் வந்தோம்" என்று கதையாகச் சொல்லிச் சொல்லி, அவளே மற்ற குழந்தைகளுக்கு அதைப் பெருமையாகச் சொல்வாள். சொல்லக்கூடாது என்ற கட்சியில் இருந்த ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டது. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்தது அவள் கல்யாண மண்டபத்தில், பந்தி பரிமாறும் இடத்தில் ஒரு உறவுக்காரி வாயால்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டாவதும் பெண்ணாக வேண்டும் என்று ஆசை. மகள் இருக்கும்போது இன்னொரு மகளைத் தத்தெடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. விட்டுவிட்டோம். 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது குழுவில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு வக்கீல். குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அதையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். நீதிபதி பகவதி தீர்ப்பில் வழிமுறைகளை வகுத்தார், முதலில் நம் நாட்டுக் குடும்பம், அப்புறம்தான் வெளிநாடு என்று. இன்றைக்குத் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காரா 1990இல் வந்ததற்கு வித்து அதுதான்.


நாகர்கோவில்காரர்

பாட்டிக்காவது தத்தெடுக்கச் சட்டம் இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள். 1994இல் எங்களுக்குக் கிடைத்தது 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் ஒரு உத்தரவுதான். அதாவது மகனுக்கு நான் அப்பா இல்லை, கார்டியன். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் "உறவு" என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் அதை எழுத வேண்டும். அவன் மேஜர் ஆனதும் அந்த உறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும், சொத்தில் தானாக உரிமை வராது. முதல் வேலையாக உயில் எழுதி வைத்தேன்.

எங்கள் குழுவை ஒரு பாதிரியார் தொடங்கினார் என்று சொல்வார்கள். தொடங்கியது அவர்தான், நடத்தியது ஒரு வக்கீல் அம்மா. 2000இல் சிறார் நீதிச் சட்டம் வந்ததும், 2006இல் அதைத் திருத்தியதும் எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். "இனி மதம் தடையில்லை, எல்லாரும் பேப்பரைத் தூக்கிட்டு வாங்க" என்றார். கார்டியன் உத்தரவு வைத்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக மனு போட்டோம். எனக்கு உத்தரவு வந்தபோது மகன் ஒன்பதாம் வகுப்பு. அந்த நகலை அவனே லேமினேட் செய்து வைத்துக்கொண்டான்.

குழுவில் ஒரு முஸ்லிம் தம்பதி இருந்தார்கள். சொந்தத்தில் பேச்சு வருமோ என்று தயங்கிக்கொண்டே இருந்தார்கள். ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், விரும்புகிறவர் எந்த மதமானாலும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் பதிவு செய்தார்கள்.


சேலத்து அம்மா

என் மகள் தொட்டில் குழந்தை. அந்தத் திட்டம் 1992இல் எங்கள் சேலத்தில்தான் ஆரம்பித்தது. பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் சொன்ன காலம். 2001இல் தர்மபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் என்று விரிவாக்கினார்கள். இவள் அதற்குப் பின்னால் வந்தவள்.

பதினெட்டு முடிந்ததும் தன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் தொட்டில் குழந்தையின் கோப்பில் என்ன இருக்கும்? தேதி, நேரம், எடை, உடுத்தியிருந்த துணியின் நிறம். அவ்வளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. நான் என் குழுவில் புலம்பினேன், ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை.

அவளை வெளியே கொண்டுவந்தது வளர்ந்த தத்துப் பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கிய ஒரு சின்ன வட்டம். எங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், ஆனால் முதல் விதியே "பெற்றோருக்கு அனுமதி இல்லை". முதல் கூட்டத்துக்குப் பாவம் தனியாகப் போகிறாளே என்று நானும் கூடவே போனேன். வாசலிலேயே ஒரு பையன், "ஆன்ட்டி, எதிர்ல நல்ல டீக்கடை இருக்கு" என்று அனுப்பிவிட்டான். நன்றி சொல்ல வேண்டும், அன்றைக்குக் கோபம்தான் வந்தது.


ஹாரோ அக்கா

நான் லண்டனில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். தத்து எடுக்கவில்லை, வளர்ப்புத் தாயாக இருக்கிறேன். இங்கத்தைய உள்ளூராட்சியான கவுன்சில் அனுப்பும் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பது. சிலர் சில கிழமை, சிலர் வருடக்கணக்கு. தமிழ்ப் பிள்ளை என்றால் எங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சோறு கறி தெரிந்த வீடு என்று.

இங்கே இந்த அமைப்புகள் அரைநூற்றாண்டு பழையவை. வளர்ப்புக் குடும்பங்களுக்கான சங்கம் 1974இல் தொடங்கியது, இப்போது ஃபாஸ்டரிங் நெட்வொர்க் என்று பெயர். அதற்கு மூன்று வருடம் முந்தி, 1971இல், தத்துப் பெற்றோர் சிலர் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியதுதான் இன்றைய அடாப்ஷன் யூகே. யாரும் எடுக்க முன்வராத பிள்ளைகள் என்று அப்போது ஒதுக்கப்பட்டவர்களை, வயது கூடியவர்களை, உடல்நலக் குறைவு உள்ளவர்களை எடுத்த குடும்பங்கள் அவை. 'காத்திருக்கும் பிள்ளைகள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழ் நடத்தி, வீடு தேடும் பிள்ளைகளின் விவரங்களைப் போட்டார்கள். அதிகாரிகள் மேசையில் கிடந்ததைக் குடும்பங்களின் கைக்குக் கொண்டுபோனது அந்த இதழ். எனக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. பிள்ளையின் படத்தைப் போட்டு ஆள் தேடுவதா என்று. ஆனால் அப்படி வீடு கிடைத்த ஒருவரோடு கதைத்திருக்கிறேன், அவருக்கு அந்த நெருடல் இல்லை.

எனக்குக் கை கொடுத்தது மொக்கிங்பேர்ட் என்ற திட்டம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2004இல் தொடங்கியது, 2015இலிருந்து ஃபாஸ்டரிங் நெட்வொர்க் இங்கே நடத்துகிறது. ஆறு முதல் பத்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு நடுவில் அனுபவமுள்ள ஒரு வீடு. மாதம் ஒருமுறை எல்லோரும் அங்கே கூடுவோம். எனக்கு ஏலாத நாளில் பிள்ளை அந்த வீட்டில் இரவு தங்கலாம். பெரியம்மா வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் வாங்கும் பெரியம்மா.

என்னிடம் இருந்த ஒரு பெடியன் சாப்பாட்டை ஒளித்து வைப்பான். தலையணை உறைக்குள் பாண் துண்டு, உடுப்பு அலுமாரியில் அவித்த முட்டை. எனக்குச் சரியான கவலை, நான் போடுவது போதவில்லையா என்று. அந்த வீட்டு அம்மா, வெள்ளைக்காரி, அறுபது தாண்டியவர், கேட்டுவிட்டுச் சிரித்தார். "மூடியுள்ள ஒரு பெட்டியை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வை. பிஸ்கட், வாழைப்பழம் போட்டு வை. எப்போதும் நிறைந்திருக்கட்டும். அதைப் பற்றி ஒன்றும் கதைக்காதே." அப்படியே செய்தேன். முதல் மாதம் தினமும் நிரப்ப வேண்டியிருந்தது. பிறகு வாழைப்பழம் கறுத்து நான் எறிய வேண்டியதாகிவிட்டது. பயிற்சி வகுப்பில் பசியறிந்த பிள்ளைகளைப் பற்றிப் படித்ததுதான், ஆனால் பெட்டிக்கு மூடி வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மூடி இருந்தால்தான் அது அவனுடையது.


கோவை டீச்சர்

ஹாரோ அக்கா எழுதியதைப் படித்ததும் கேட்கத் தோன்றுகிறது. நான் தனியாள், வயது 41, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம் ஊரில் வளர்ப்புப் பராமரிப்புக்கு என்னைப் போன்றவர்களை எடுப்பார்களா?


அம்பத்தூர் அப்பா

எடுப்பார்கள் டீச்சர். 2024இல் வந்த மாதிரி வழிகாட்டுதலில் 35 முதல் 60 வயது வரை தனியாக இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பெண் என்றால் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டுமே, ஆண் என்றால் ஆண் குழந்தை மட்டும். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தையாக இருந்தால், இரண்டு வருஷம் வளர்த்த பிறகு நீங்களே தத்தெடுக்கவும் கேட்கலாம், முன்பு அது ஐந்து வருஷமாக இருந்தது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேளுங்கள். வாசலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், விடாதீர்கள்.


புதிதாக வந்தவர்

எங்களுக்கு அடுத்த வாரம் வீட்டாய்வு. என்ன கேட்பார்கள்? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று யோசிக்கிறோம்.


மயிலாப்பூர் பாட்டி

பெயின்ட் வேண்டாம் கண்ணா, புது வாசனையில் வருகிற அம்மாவுக்குத் தும்மல் வரும். உன் மாமியாரையும் மாமனாரையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல். அவர்களிடமும் பேசுவார்கள். அதற்கு முன்னாடி நீங்கள் இரண்டு பேரும் அவர்களிடம் மனசு விட்டுப் பேசியாயிற்றா?