ஒலிப்பதிவின்போது கம்ப்யூட்டர் இரைச்சல்: பேஸ்ட் மாற்றினால் போதுமா, கூலரையே மாற்ற வேண்டுமா?

வைகைக்கரை:

வணக்கம். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பிளஸ் டூ பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுக்கிறேன். மதுரையில் மாடி வீடு. பகல் முழுக்கத் தெருச் சத்தம் ஓயாது என்பதால் இரவு பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன். ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் மைக்கைத் திறப்பது. இந்த மே மாதத்தில் அறைக்குள் 34 டிகிரி காட்டுகிறது.

கம்ப்யூட்டரின் பிராசசர் சிப் ரைசன் 5 5600ஜி. அதன் சூட்டை இறக்கும் கூலரும் பெட்டியோடு வந்ததேதான், இரண்டுக்கும் நடுவே தடவும் பேஸ்டை நான்கு வருடமாக மாற்றியதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, எஸ்எஸ்டி மட்டும். சும்மா இருக்கும்போது கூலரின் ஃபேன் நிமிடத்துக்கு 1500 சுற்று, ஏதாவது ஒன்றைத் திறந்தால் உடனே 2400-க்கு எகிறி, சில நொடியில் இறங்கிவிடும். ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் பத்துத் தடவையாவது இப்படி ஏறி இறங்குகிறது.

போன வாரம் ஒரு பையன் போன் பண்ணி, “அக்கா, எங்க உக்காந்து படிக்கிறீங்க? பின்னாடி காத்து அடிச்சுக்கிட்டே இருக்கே” என்றான். அவன் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவன். அந்த வேகத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன். உயிரியல் பாடத்தில் சொல்லுக்குச் சொல் நடுவே புஸ், புஸ் என்று வருகிறது. மனசு கேட்கவில்லை.

கடையில் கேட்டால் லிக்விட் கூலிங் போடச் சொல்கிறார்கள். இணையத்தில் விலை கூடிய பேஸ்ட் போட்டால் சரியாகும் என்கிறார்கள், லிக்விட் மெட்டல் என்றும் ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

---

செம்புக்குழாய்:

சகோதரி, காசு செலவழிக்கும் முன் ஒரு விஷயம். உங்களைத் தொந்தரவு செய்வது சூடு இல்லை, சத்தம் மாறிக்கொண்டே இருப்பதுதான். ரைசன் சிப்புகளில் ஒரு பிரவுசரைத் திறந்தாலே வெப்பம் ஒரு நொடிக்குள் பத்துப் பதினைந்து டிகிரி தாவும், உடனே இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடுகிறது. உங்கள் சிப் 95 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. 65 டிகிரியைக் கண்டு பயப்படவே வேண்டாம்.

முதலில் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் ஃபேன் கர்வை, அதாவது எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற கோட்டைத் திருத்துங்கள். 65 டிகிரி வரை ஒரே வேகம் என்று தட்டையாக வையுங்கள். அதற்கு மேல் மெதுவாக ஏறட்டும். பல மதர்போர்டுகளில் ‘ஸ்டெப் அப் டைம்’ என்று ஒன்று இருக்கும். அதைக் கூட்டினால் குட்டிக் குட்டித் தாவலுக்கெல்லாம் ஃபேன் அசையாது. அப்புறம் ஈக்கோ மோட் இருக்கிறதா பாருங்கள். 65 வாட் சிப்பை 45 வாட்டுக்குள் அடக்கும். குரல் பதிவுக்கு வேகம் குறைந்தது தெரியவே தெரியாது.

இனி பேஸ்ட். சிப்பின் மேல்மூடியும் கூலரின் அடிப்பாகமும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்கள் உண்டு, அதில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்தல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.026 வாட், செம்புக்கு 400 அளவில். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்டுக்கு நிறுவனம் சொல்வது 8.5. அதாவது பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்கு மேல், உலோகத்தைவிடப் பல மடங்கு மட்டம். காற்றை வெளியேற்றும் அளவுக்குத்தான் அது வேண்டும், கூடினால் கெடுதல். எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்1, கிரையோநாட் என்று நல்ல பேஸ்டுகளுக்குள் உங்கள் உபயோகத்தில் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் வரும். காய்ந்துபோன நான்கு வருடப் பேஸ்டை மாற்றுவது நல்லது, ஆனால் அதனால் மட்டும் அறை அமைதியாகிவிடாது.

லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது கேலியம், அலுமினியத்தை அரித்து நொறுக்கிவிடும். உங்கள் கூலரின் அடிப்பாகம் அலுமினியம்தான். ஒரு சொட்டு போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகும்.

லிக்விட் கூலரும் இந்தச் சிப்புக்குத் தேவையில்லை. ரேடியேட்டரில் ஃபேன் இருக்கத்தானே செய்யும், கூடவே பம்பின் மெல்லிய ரீங்காரம் வேறு. சத்தம் குறையப் பெரிய கூலர், பெரிய ஃபேன், குறைந்த சுற்று, இதுதான் வழி. ஒரே ஃபேனின் சுற்றைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகக் கேட்கும். டீப்கூல் ஏகே400 மாதிரி நான்கு செம்புக்குழாயும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஒன்று உங்களுக்குத் தாராளம். அதன் உயரம் 155 மி.மீ., கேபினட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

---

திருப்புளி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் கழற்றும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி, இருபது வருடமாக இதுதான் பிழைப்பு.

உங்களுடையது போன்ற ஏஎம்4 வகைப் பிராசசரில் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கும், 1331 ஊசி. பேஸ்ட் இறுகிப்போயிருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கே ஒருமுறை வந்தது, ஏழெட்டு ஊசி வளைந்துவிட்டது. ஈயக்குச்சி எடுத்த 0.5 மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை ஒவ்வொரு ஊசியிலும் மாட்டி, ராத்திரி இரண்டு மணிவரை நிமிர்த்தினேன். அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

பத்து நிமிடம் எதையாவது ஓடவிட்டுச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான்கு திருகையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உடனே தூக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். வழுக்க ஆரம்பித்த பிறகு எடுங்கள். இன்னொன்று, உங்கள் பழைய கூலரின் திருகைக் கழற்றினால் போர்டுக்குப் பின்னால் உள்ள தகடு பிடிமானம் இல்லாமல் கீழே விழும். வீட்டில் யாரையாவது பின்னால் கை கொடுக்கச் சொல்லுங்கள். புதுக் கூலருக்கும் அந்தத் தகடுதான் வேண்டும்.

பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் துணி போதும். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. விரலால் தடவ வேண்டாம், கூலர் அழுத்தும்போது தானே பரவும்.

---

இரவுக்குரல்:

அக்கா, நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன். உங்கள் மைக் கார்டியாய்டு வகையாக இருந்தால் அதன் முதுகுப்புறம் மிகக் குறைவாகத்தான் கேட்கும். கேபினட் மைக்கின் முதுகைப் பார்க்கிற மாதிரி உட்காரும் இடத்தை மாற்றுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் போதும். கேபினட் மேசைமேல் இருந்தால் கீழே இறக்குங்கள், அதிர்வு மரத்தின் வழியாக மைக்குக்கு ஏறும். மைக்கின் அடியில் மடித்த துண்டு வையுங்கள்.

ஒரே சீராக வரும் மெல்லிய இரைச்சலை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் எடுத்துவிடலாம். ஆரம்பத்தில் ஐந்து நொடி பேசாமல் பதிவுசெய்து, அதை மாதிரியாகக் கொடுத்தால் போதும். ஏறி இறங்கும் சத்தத்துக்கு அந்த மாதிரி பொருந்தாது, குரலையும் சேர்த்துத் தின்றுவிடும். ஃபேன் ஒரே வேகத்தில் ஓடுவது அதனால்தான் முக்கியம்.

---

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் கர்வை மட்டும் மாற்றினேன். புஸ் புஸ் அன்றைக்கே நின்றுவிட்டது, காசே செலவில்லை. ஆனாலும் 1500 சுற்றின் முணுமுணுப்பு இருந்தது. கேபினட் கதவுவரை ஸ்கேல் வைத்து அளந்ததில் 160 மி.மீ. இடம் இருந்தது, ஏகே400 வாங்கினேன், கூடவே சின்ன டியூப் எம்எக்ஸ்-4. அம்மா பின்னால் தகடைப் பிடித்துக்கொண்டார். திருப்புளி அண்ணன் சொன்னபடி சூடாக்கித் திருகியதில் கூலர் மட்டும் தனியாக வந்தது. பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருந்தது.

இப்போது அதே 34 டிகிரி அறையில் பதிவின்போது 50, 52 டிகிரி, ஃபேன் 700 சுற்றில் அசையாமல் நிற்கிறது. முடிந்த பாடத்தை எம்பி3 ஆக்கும்போது 70 வரை போகிறது, அப்போது மைக் மூடித்தான் இருக்கும். கேபினட்டை மைக்கின் முதுகுப் பக்கம் தரையில் வைத்துவிட்டேன். உயிரியல் முதல் மூன்று பாடங்களை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி: எங்கள் தெருவில் தூசி அதிகம். எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது? மறுபடி பேஸ்ட் போட வேண்டுமா?

---

திருப்புளி:

முன்பக்க வலையை மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷால் தட்டுங்கள். கூலரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும். கூலரைக் கழற்றாதவரை பேஸ்டைத் தொட வேண்டாம். இதே வேலையில், இதே அறைச் சூட்டில் வெப்பம் பத்து டிகிரி கூடினால் சொல்லுங்கள், அப்போது பார்க்கலாம்.