எஸ்டி கார்டு செத்துவிட்டது: ராஸ்பெரி பையிலேயே தொடரலாமா, பழைய மினி பிசிக்கு மாறலாமா?

கம்பிவலை:
வீட்டுப் புகைப்படங்களுக்கு இம்மிச், அப்பா டிவியில் படம் பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல். மூன்றும் ஒரே 4 ஜிபி ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. போன வாரம் ஒரே ராத்திரியில் நாலு தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பை பூட் ஆகவில்லை, எஸ்டி கார்டு காலி. நல்லவேளை, படங்கள் தனி யூஎஸ்பி டிஸ்கில் இருந்தன. புது கார்டு போட்டு இதையே ஓட்டலாமா, ஆபீஸ்களில் கழித்துவிடும் மினி பிசி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாமா?

பழையஇரும்பு:
மினி பிசிதான், யோசிக்கவே வேண்டாம். ஐ5-6500டி பிராசஸர் போட்ட டெல் மைக்ரோவோ லெனோவோ டைனியோ கிடைத்தால் ரேம், எஸ்எஸ்டி, கேஸ், அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். பைக்கு இவற்றைத் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள், 2012-இல் சொன்ன 35 டாலர் கதை அங்கேயே முடிந்துவிடும். ஜெல்லிஃபினில் வீடியோவை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி அனுப்ப இன்டெல் சிப்பிலேயே குவிக்சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. பை 5 வாங்கினாலும் இது தீராது, அந்த வேலையைச் செய்யும் வீடியோ என்கோடரையே அதில் எடுத்துவிட்டார்கள்.

மூணுவாட்:
கரண்ட் பில்லையும் நீங்களே கட்டிவிடுவீர்களா அண்ணே? பை 4 சும்மா இருக்கும்போது 3 வாட் பக்கம். உங்கள் டைனி 10 வாட்டாவது இழுக்கும்.

பழையஇரும்பு:
சரி, கணக்குப் போடுவோம். வித்தியாசம் 7 வாட். நாளுக்கு 24 மணி நேரம், 60 நாள் என்றால் இரண்டு மாத பில்லில் 10 யூனிட். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் ஆளில்லாத ரூமில் தினம் இரண்டேகால் மணி நேரம் சுற்றினாலும் அதே 10 யூனிட்தான்.

மூணுவாட்:
ஸ்லாப் எல்லையில் நிற்பவனுக்கு அந்தப் பத்தும் வலிக்கும். பில்லை விடுங்கள், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? மினி பிசிக்கு 19, 20 வோல்ட் வேண்டும். ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில் அது ஓடாது. பைக்கு 5 வோல்ட் போதும். கார்டு செத்ததற்குப் பை என்ன செய்யும்? யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்தே பூட் செய்திருக்கலாம்.

பழையஇரும்பு:
5 வோல்ட் சரி, ஆம்பியர்? அந்த மினி யூபிஎஸ்களின் யூஎஸ்பி பாயிண்டில் பெரும்பாலும் 2 ஆம்பியர்தான் வரும். பை 4 கேட்பது 3. அதிலேயே டிஸ்கையும் தொங்கவிட்டால் வோல்டேஜ் இறங்கும். கம்பிவலை, டிவியில் மாட்டியபோது மூலையில் மின்னல் படம் வந்ததுண்டா?

கம்பிவலை:
அடிக்கடி வரும். ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன்.

மூணுவாட்:
சிவ சிவா. வோல்டேஜ் போதவில்லை என்று பை காட்டும் எச்சரிக்கை அது. எந்த சார்ஜர்?

கம்பிவலை:
பழைய போன் சார்ஜர்தான்.

தாழ்ப்பாள்:
பெட்டிச் சண்டை நடக்கட்டும். நான் கேட்பது வேறு. படங்கள் ஒரே ஒரு டிஸ்கில்தானே இருக்கின்றன? அப்படியென்றால் உங்களிடம் பேக்கப் இல்லை. மினி பிசியோ பையோ, முதல் செலவு இரண்டாவது டிஸ்க்குக்கு. அப்புறம், வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் எதையும், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி எதையும், திறந்து வைத்திருக்கிறீர்களா?

கம்பிவலை:
ரவுட்டரில் திறந்து பார்த்தேன், வேலை செய்யவில்லை. ரவுட்டருக்கு இணைய கம்பெனி கொடுத்த முகவரி (WAN) 100.72 என்று தொடங்குகிறது.

தாழ்ப்பாள்:
அது சிஜிநாட். 100.64 முதல் 100.127 வரை அதற்கென்றே ஒதுக்கியவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் வீட்டுக் கதவுவரை வராது. திறந்த போர்ட்டை மூடிவிட்டு, உங்கள் கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் சேவையைப் போடுங்கள். உள்ளே ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன்தான்.

பழையஇரும்பு:
சொந்த சர்வர் வைத்துவிட்டு, வாசல் சாவியை ஒரு கம்பெனியிடம் கொடுப்பதா? பங்கு போடாத பொது முகவரி தரும் ஐபிவி6 கிடைத்தால் நேராக வயர்கார்டே போதும்.

தாழ்ப்பாள்:
அவர் அப்பாவின் போனில் நீங்கள் வந்து அமைத்துத் தருவீர்களா?

கம்பிவலை:
இரண்டாவது டிஸ்க்கை இன்றே ஆர்டர் செய்துவிடுகிறேன். இன்னொன்று, பரணில் ஐ3 லேப்டாப் ஒன்று கிடக்கிறது. திரை உடைந்துவிட்டது, பேட்டரி அரை மணி நேரம் நிற்கும். பை-ஹோலை மட்டும் பையில் விட்டுவிட்டு, மற்றதை அதில் ஓட்டலாமா?

பழையஇரும்பு:
மினி பிசி அளவுக்கு வராது. ஆனால் காசில்லாமல் கிடைக்கிற யூபிஎஸ்.

மூணுவாட்:
மாட்டுவதற்கு முன் மேஜையில் வைத்துப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம், சார்ஜ் போடவே போடாதீர்கள்.