டைபால்ட் வேஷம் போட்டவன் சொல்கிறேன்

'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் மனசைப் பிடித்து நிறுத்திய இடம் ஏதாவது உங்களுக்கு உண்டா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் ரோமியோ வேஷம் கேட்டுப் போனேன். ஜூலியட்டின் தாய்மாமன் மகன் டைபால்ட்டைக் கொடுத்தார்கள். மொத்தம் மூன்றே காட்சி, மூன்றிலும் கோபம்.

ஜூலியட்டின் அப்பா கபுலெட் வீட்டு விருந்து. முகமூடியோடு நுழைந்த ரோமியோ, பகையாளி மாண்டேகு வீட்டுப் பையன், ஜூலியட்டைப் பார்த்து, இதற்குமுன் நான் காதலித்ததெல்லாம் காதல்தானா என்று சொக்கிப்போய்ப் பேசுவான். அவன் முடித்ததும் என் வசனம்: இது மாண்டேகு வீட்டுக் குரல், என் வாளைக் கொண்டு வா! ஒத்திகையில் கடனே என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள்தான் உறைத்தது. டைபால்ட் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறான். அந்தக் குரல் பேசியதோ காதல். ரோமியோ வாயடைத்து நின்றிருந்தால் எனக்கு அந்த ராத்திரி வேலையே இல்லை!

கபுலெட் என்னை அடக்குவார். பையன் நல்லவன் என்று வெரோனா ஊரே சொல்கிறது, என் வீட்டில் வைத்து அவனை ஒன்றும் செய்யாதே என்பார். பெரியவரே அன்றைக்கு விட்டுவிட்ட பகையை நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்து வெளியேறுவேன். அடுத்த வரியிலேயே ரோமியோ அவள் கையைத் தொடுவான். இருவரும் மாறி மாறிப் பேசுவது சேர்ந்து 14 வரிச் சானெட் கவிதையாக முடியும். திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஒத்திகையிலும் அதைக் கேட்டேன். கோபம் தணியாமல் கேட்டதால்தான் பிடித்ததோ என்னவோ.

——

நண்பரே, நான் மேடை ஏறியதில்லை, பார்த்தவன்தான். எனக்கு அந்தத் தெருச் சண்டை. ரோமியோவுக்கு ஜூலியட்டோடு ரகசியமாகக் கல்யாணம் ஆன சூடு தணியவில்லை, டைபால்ட் வம்புக்கு இழுக்கிறான். இப்போது அவன் உறவுக்காரன் ஆயிற்றே! உன்மேல் எனக்குப் பிரியம், காரணம் பிறகு தெரியும் என்று ரோமியோ கெஞ்சுகிறான். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது, வாளை உருவுகிறான். ரோமியோ குறுக்கே பாய்கிறான். அவன் கைக்கு அடியில் புகுந்த டைபால்ட்டின் வாள் மெர்குஷியோவைக் குத்திவிடுகிறது. நான் பார்த்த மேடையில் அந்த ரோமியோ விலக்கிவிட நீட்டிய கையை உடனே இறக்கவில்லை. அப்படியே வைத்திருந்தான். அரங்கில் ஒரு சத்தம் இல்லை.

——

நான் படித்ததோடு சரி. இரண்டு தடவை. முதல் தடவை ஜூலியட் வயசு எனக்கு. அவளுக்கு இன்னும் 14 ஆகவில்லை. அப்போது பால்கனிக் காட்சி மட்டும்தான் மனசில் நின்றது.

இரண்டாம் தடவை என் மகளுக்கு அந்த வயசு. இப்போது கண்ணில் பட்டது ஜூலியட்டின் அம்மா. ஜூலியட் அழுவது ரோமியோ கொன்ற டைபால்ட்டுக்காக என்று நினைத்து, கவலைப்படாதே, அவன் நாடுகடத்தப்பட்டுப் போன மாண்டுவா ஊருக்கு ஆள் அனுப்பி ரோமியோவுக்கு விஷம் கொடுத்துவிடுகிறேன் என்கிறாள். மகளைத் தேற்றுகிறாளாம்! பாசம்தான் அது, பொய்யில்லை. கொடுமை என்னவென்றால், அதே மாண்டுவாவில் ரோமியோ 40 டுகாட் பொற்காசு கொடுத்துத் தானே விஷம் வாங்குகிறான். அம்மா ஆள் அனுப்பத் தேவையே வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு மகள் தூங்குகிறாளா என்று போய்ப் பார்த்தேன்.

——

மறுபடியும் டைபால்ட்தான் வந்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் அப்படி என்னதான் தகராறு என்று இயக்குநரைக் கேட்டோம். பிரதியில் தேடுங்கள் என்றார். தேடினோம். பழம்பகை என்று முன்னுரையில் வருகிறது, காரணம் எங்கேயும் இல்லை. காரணம் தெரியாமல் எப்படிக் கோபப்படுவது என்று நான் மல்லுக்கு நின்றேன். கபுலெட்டாக நடித்தவன் ஒட்டுத்தாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "எனக்கு மறந்துபோச்சுன்னு வச்சுக்கறேன். நீ கத்து."