ஞாயிறு மதியம் எனக்கென்று இரண்டு மணி நேரம் எடுப்பது தப்பா?

நொய்யல்கரை (திருப்பூர்):
என் கணவர் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இறந்துவிட்டார். அப்போது பாப்பாவுக்கு நான்கு வயது. நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மாமியாரும் நாங்களும் ஒரே வீடு. பாப்பாவைப் பள்ளிக்குக் கிளப்புவது, சாயங்காலம் சாப்பாடு கொடுப்பது எல்லாம் அத்தைதான்.

சில மாதமாக ஒருவருடன் பழகுகிறேன். சாயப்பட்டறை பில் விஷயமாக எங்கள் ஆபீஸுக்கு வந்துபோகிறவர், விவாகரத்து ஆனவர். ஞாயிறு மதியம் அவிநாசி பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். வீட்டில் ஸ்டாக் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். "ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸாம்மா?" என்று பாப்பா கேட்டாள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அதுதான் காதில் கேட்கிறது. தேங்காய் பன் ஒன்று அவளுக்குக் கட்டிக்கொண்டு போனாலும் மனசு ஆறவில்லை.

ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி ஒன்பது மணி வரை அவளை விட்டுவிட்டு வேலை பார்க்கிறேன். அப்போதெல்லாம் இந்தக் குற்ற உணர்ச்சி வந்ததில்லை. இந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஏன் வருகிறது?

இன்னொரு பயம். மறுமணம் செய்தால் என் கணவருடைய பி.எஃப். பென்ஷன் நின்றுவிடும் என்கிறார்கள். பாப்பாவுக்கு அவர் விட்டுப்போன காசை நான் தொலைத்துவிடுவேனோ?

வைகை மகள் (மதுரை):
அக்கா, நான் உங்கள் பாப்பா இடத்தில் இருந்தவள். என் ஏழு வயதில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குத் தையல் மெஷின், நான், இரண்டுதான் உலகம். உனக்காகத்தான் இப்படி இருக்கிறேன் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள்தான் கல்யாண வீடு, காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவே எனக்குக் கூசும். பெங்களூரில் வேலை கிடைத்தது, அம்மா தனியாக இருப்பாரே என்று வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு ஒரு துணை, அட, சேர்ந்து கோயிலுக்குப் போக ஒரு தோழியாவது இருந்திருந்தால் நிம்மதியாக ரயில் ஏறியிருப்பேன். போங்க அக்கா, போய் டீ குடிங்க.

ஷட்டில் அப்பா (திருச்சி):
நான் மகனைத் தனியாக வளர்க்கிறவன். போவது சரிதான், ஆனால் அந்த ஸ்டாக் கதையை நிறுத்துங்கள். "சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஷட்டில் ஆடப் போவேன், எட்டு மணிக்கு வந்துடுவேன்" என்று மகனிடம் நேராகவே சொன்னேன். முதலில் அழுதான். சொன்ன நேரத்துக்கு வரவர, அவனே ஷட்டில் மட்டையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். அம்மாவுக்கு ஞாயிறு மதியம் கொஞ்சம் தனி நேரம் வேண்டும் என்று சொன்னால் பாப்பாவுக்கும் புரியும். அந்த மனிதரைப் பற்றி இப்போதே அவளிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் இருவரும் முடிவுக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. "பொண்ணு பாக்கட்டுமா?" என்றுதான் கேட்டார்கள். உங்களுக்கு அது கிடைக்காது, அநியாயம்தான். அதனாலேயே அத்தைக்கு உங்கள் வாயால் தெரிய வேண்டும். மகனை இழந்தவர், அடுத்த வீட்டுக்காரர் சொல்லிக் கேட்கக் கூடாது.

பி.எஃப். கணக்கர் (கோவை):
பென்ஷனுக்கு மட்டும் பதில். 1995 ஓய்வூதியத் திட்டப்படி, மறுமணம் செய்தால் மனைவிக்கான பென்ஷன் நிற்கும். பழகுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைக்கு இப்போது வருவது உங்கள் பென்ஷனில் 25 சதவீதம். உங்களுடையது நின்றால் குழந்தைக்கு 75 சதவீதமாக உயரும், 25 வயது வரை கிடைக்கும். மொத்தத்தில் குறையும், ஆனால் பாப்பாவின் பங்கு கூடும். கணவர் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு வந்த பங்கும் மறுமணத்தால் போகாது.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றி. பாப்பா பங்கு கூடும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அத்தையிடம் சொல்வதுதான் பயமாக இருக்கிறது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று நினைப்பாரோ?

வைகை மகள்:
கண்டிப்பாக நினைப்பார் அக்கா. அதனால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுங்கள். "எது நடந்தாலும் பாப்பா உங்களோடுதான் இருப்பாள்", அல்லது "வாரம் இத்தனை நாள் வருவாள்" என்று, உங்களால் காப்பாற்ற முடிகிற ஒன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மனிதர் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.